காவிரி வண்டல் தொட்டிக்கு ஆகுமா?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பழைய ஓட்டு வீடு போய் அடுக்குமாடி வந்துவிட்டது. கொல்லைப்புறம் இல்லை, கிணற்றடி இல்லை. மனசு கேட்கவில்லை என்று மொட்டை மாடியில் மூன்றடி நீளத்தில் நாலு சிமெண்ட் தொட்டி கட்டச் சொன்னாராம். கொள்ளிடக்கரை வயலிலிருந்து ஒரு குட்டி யானை லோடு வண்டல் மண் வந்து இறங்கியது. செம்பருத்தி, இட்லிப்பூ, ஹெலிகோனியா, ஓரத்தில் நிழலுக்கு மான்ஸ்டெரா என்று நட்டார். இரண்டு மாதம் ஜோராக இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் இலை எல்லாம் மஞ்சளாகிப் பொலபொலவென்று கொட்டுகிறது. மண்ணைக் கிளறினால் சாக்கடை நாற்றம். போதாக்குறைக்குக் கீழ் வீட்டு மாமி வந்து, "எங்க ஹால்ல ஈரம் பூத்திருக்கு, உங்க தொட்டியப் பாருங்கோ" என்கிறாராம். "காவிரி மண்ணிலே விளையாதது உண்டா? என் கைதான் ராசியில்லையோ?" என்று கேட்கிறார்.

கைராசி மேல் பழி போட வேண்டாம், சகோதரி. மண் மேலும் பழி இல்லை. இடம் மாறியதுதான் கோளாறு.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவு. மேலே இருப்பது ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். சில அடி தோண்டினால் மணல். மழை எவ்வளவு பெய்தாலும் வண்டல் தனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கீழே இருக்கிற மணலுக்குத் தள்ளிவிடும். மண்புழுவும் பழைய வேர்களும் போட்டுவைத்த துளை வழியே காற்றும் உள்ளே போகும். தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்துப் பூத்தொண்டு செய்த ஊர் இது. இந்த மண்ணின் பெருமையில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அதே வண்டலை வெட்டி எடுத்துச் சிமெண்ட் பெட்டியில் போட்டால் கீழே மணல் எங்கே? ஒன்றரை அடிக்குக் கீழே கான்கிரீட் தளம்தான். தண்ணீர் அங்கே முட்டி நிற்கிறது.

வண்டலும் களியும் பொடிப்பொடியான துகள்கள். ஈரமானால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நாம் மேலிருந்து தினமும் ஊற்றுகிற தண்ணீரே அதைத் தட்டித் தட்டி இறுக்கிவிடும். சித்திரை வெயிலில் அது சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விரல் அகலம் விலகும். அப்புறம் நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிக் கீழே வந்துவிடும். "தண்ணி நன்னா வடியறதே" என்று நினைப்போம். உள்ளே வேர் இருக்கிற நடுப்பகுதி செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் இதற்கு நேர் எதிர். உள்ளே காற்றே இருக்காது. காற்றில்லாத இடத்தில் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. காற்று வேண்டாத கிருமிகள் பெருகுகின்றன. அந்தச் சாக்கடை வாசனை அவற்றின் கைங்கரியம்தான்.

வேருக்குக் காற்று என்றதும் சிலர் சிரிக்கிறார்கள். வேரும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. அதுவும் இப்போது எல்லோரும் ஆசையாக வாங்குகிற மான்ஸ்டெரா, ஆந்தூரியம் போன்றவை மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளைச் சேர்ந்தவை. மான்ஸ்டெரா மரத்தைப் பிடித்து ஏறுகிற கொடி. ஆந்தூரியத்தில் பல வகைகள் மரக்கிளையிலேயே உட்கார்ந்து வளர்கிறவை. அவற்றின் வேருக்குப் பழக்கம் மட்கிய சருகும் பட்டைத் தூளும் காற்றும்தான். நாள்தோறும் மழை பெய்கிற காடாக இருந்தாலும் வேர் சேற்றில் நிற்பதில்லை. ஈரம் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு அதைக் களிமண்ணில் புதைப்பது, குழந்தைக்குப் பால் நல்லது என்று பால் வாளியிலேயே உட்கார வைப்பது போலத்தான்.

இன்னொரு சங்கதி. நம் அம்மா, பாட்டி காலத்திலிருந்து தொட்டியின் அடியில் ஒரு சாண் ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ போட்டு அதன்மேல் மண் போடும் வழக்கம் இருக்கிறது. "அப்பத்தான் தண்ணி வடியும்" என்பார்கள். உண்மையில் அது வடிய உதவுவதில்லை. சந்தேகமாக இருந்தால் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைத்து உள்ளங்கையில் படுக்கை வாட்டில் வையுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டாக நிறுத்திப் பாருங்கள். மறுபடி சொட்டும். ஆக, தண்ணீர் எப்போதும் அடிப்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தங்கியே இருக்கும். பொடி மண்ணுக்குக் கீழே பெரிய ஜல்லி இருந்தால், மண்ணிலிருக்கும் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் சுலபத்தில் இறங்காது. மண்ணின் அடிமட்டத்திலேயே தேங்கும். ஜல்லி போட்டதால் அந்தச் சொதசொதப்பு கீழே போவதற்குப் பதில் ஒரு சாண் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது! பாரமும் கூடுகிறது. துவாரத்தின் மேல் ஒரு ஓட்டாஞ்சில்லோ, கொசுவலைத் துண்டோ வைத்தால் போதும், மண் வெளியே போகாது. அடியிலிருந்து நுனி வரை ஒரே கலவையாக இருக்கட்டும்.

பாரம் என்றேனே, கீழ் வீட்டு மாமியின் புகாரை அலட்சியம் செய்யாதீர்கள். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம். ஆள் நடமாடுகிற மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரம் என்று வைத்துக் கட்டுவது இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875). சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ ஆகிறது. ஒன்றரை அடி ஆழத்துக்கு நனைந்த களிமண் நிரப்பினால் சதுர அடிக்குச் சுமார் 75 கிலோ. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டி ஒன்றில் மட்டும் மண்ணே 340 கிலோ வரும். தொட்டியின் சிமெண்ட், செடி எல்லாம் தனி. நாலு தொட்டியை மாடி நடுவில் வரிசையாக வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். ஒரு தொட்டிக்காக வீடு இடிந்து விழுந்துவிடாது. ஆனால் தளம் தொய்ந்து மயிரிழை போல விரிசல் கண்டால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

கலவையை இலேசாக்கினாலும் (அதற்குத்தான் வரப்போகிறேன்) நனைந்த பிறகு சதுர அடிக்கு 45 கிலோவுக்குக் குறையாது. அதனால் தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே வைப்பதுதான் சரி. எது எங்கே போகிறது என்று வீட்டைக் கட்டியவரையோ ஒரு இன்ஜினீயரையோ கேட்டுக்கொள்ளுங்கள். நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனியின் கைப்பிடி ஓரம் அழகாகத்தான் இருக்கும். பாரம் வைக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் இன்னும் சில பழைய வீடுகளில் தேக்கு உத்தரம் போட்டு, செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய மட்டப்பா இருக்கிறது. அதன் மேல் பெரிய தொட்டியே வேண்டாம். முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன மண்தான் போடுவது?

திருச்சியைச் சுற்றி எத்தனை விதமான மண்! புதுக்கோட்டை ரோடுப் பக்கம் செம்மண். கல்லக்குடிப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் பூமி, கரிசல். மணிகண்டம் வட்டாரத்தில் களர் மண். அந்தக் களர் நிலத்துக்கு வழி காணவே நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி 1989 முதல் பாடுபட்டு வருகிறது. இதில் தொட்டிக்கு உருப்படியானது செம்மண் ஒன்றுதான். அதுவும் கலவையில் ஒரு பங்காக மட்டும். கரிசலும் களரும் கிட்டேயே வரக்கூடாது. செம்மண் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வீடு இடித்த இடத்திலிருந்தோ அஸ்திவாரம் தோண்டிய இடத்திலிருந்தோ வருகிற மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். ஒரு கரண்டி மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். இட்லிப்பூவும் செம்பருத்தியும் அதில் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. எத்தனை சாணம் போட்டாலும் சரியாகாது.

மண்ணைக் கையிலேயே பரீட்சை பண்ணலாம். ஈரமாக்கி எலுமிச்சம்பழ அளவு உருட்டுங்கள். பிறகு கட்டை விரலால் அழுத்துங்கள். சப்பாத்தி மாவு போல் நீண்டு ரிப்பன் மாதிரி வந்தால் களி அதிகம். உருண்டையாக நின்று, தட்டினால் உதிர்ந்தால் நல்லது.

இரண்டாவது சரக்கு தென்னை நார்த்தூள். கடையில் கட்டியாக விற்கிறார்கள். ஐந்து கிலோ கட்டி ஊறினால் 60, 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். மாடிக்குத் தூக்கிப்போக இதைவிடச் சௌகரியம் உண்டா! தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்துக்கொண்டும் நடுவே காற்றுக்கு இடம் விட்டும் நிற்கிற குணம் இதற்கு. ஆனால் அப்படியே கொட்டக்கூடாது. நார்த்தூளில் உப்பு இருக்கிறது. துணி அலசுவது போல மூன்று தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பிழிய வேண்டும். முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி வரும். மூன்றாவது தண்ணீர் வெளுத்திருந்தால் சரி. உலர்ந்த கட்டியை உடைக்கும்போது தூசு நெஞ்சில் போகும், ஆஸ்துமாக்காரர்கள் நனைத்த பிறகே தொடுங்கள். பச்சை நார்த்தூள் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே தின்றுவிடும் என்பதால் மட்கிய நார்க்கழிவு கிடைத்தால் இன்னும் விசேஷம். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மட்கவைக்கும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வீட்டில் செய்வதைவிட மட்கியதையே விலைக்கு வாங்குவது நல்லது.

மூன்றாவது, நம்மூர் விசேஷம். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகள் எல்லோருக்கும் தெரியும். உமிக்குப் பஞ்சமில்லாத ஊர். கருக்கிய உமி தொட்டி மண்ணுக்கு அருமையான பொருள். இலேசு, சீக்கிரம் மட்காது, காற்றோட்டம் தரும். ஆனால் கறுப்பாக, உமியின் உருவம் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முழுக்க எரிந்து வெளுத்த சாம்பல் தண்ணீர் பட்டால் கூழாகி அடைத்துக்கொள்ளும், காரமும் அதிகம். அது பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு. கருக்கிய உமி கிடைக்காவிட்டால் செங்கல்லை உடைத்துச் சலித்து, பட்டாணி அளவுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பாரம்தான்.

"மணல் போடலாமோல்லியோ?" என்று கேட்கப் போகிறீர்கள். ஆற்று மணலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சாய்ந்ததையும், முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்துபோனதையும் திருச்சிக்காரர்கள் மறக்கவில்லை. மணலை வரைமுறையில்லாமல் அள்ளியதும் ஒரு காரணம் என்று அப்போது பலர் சொன்னார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். தொட்டியில் களிமண்ணோடு கொஞ்சம் மணலைக் கலந்தால் களியின் துகள் மணலின் இடுக்கையெல்லாம் அடைத்துக் காரை போட்ட மாதிரி இறுகிவிடும். எம்.சாண்ட் என்கிற கருங்கல் பொடியோ அதைவிட மோசம், அதிலுள்ள மாவு கெட்டித்துப் போகும்.

அளவைப் பக்கெட் கணக்கில் சொல்கிறேன். செம்பருத்தி, இட்லிப்பூ, ஹெலிகோனியா, நந்தியாவட்டை போன்றவற்றுக்கு: செம்மண் மூன்று பக்கெட், அலசிய நார்த்தூள் மூன்று, மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு, கருக்கிய உமி இரண்டு. வேப்பம் புண்ணாக்குப் பொடி பக்கெட்டுக்கு ஒரு கைப்பிடி. மல்லிகை, முல்லைக்குச் செம்மண்ணை நாலாக்கி நார்த்தூளை இரண்டாகக் குறைக்கலாம். மான்ஸ்டெரா, ஆந்தூரியம், நிழலில் நிற்கிற இலைச்செடிகளுக்குச் செம்மண் ஒரு பக்கெட் போதும். நார்த்தூள் நாலு, இலைமட்கு இரண்டு, அடுப்புக்கரித் துண்டும் செங்கல் துண்டுமாக மூன்று. கண்ணுக்கு மண் மாதிரியே தெரியாது. "இதிலயா செடி நிக்கும்?" என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நிற்கும். ஈரமாக இருக்கும்போது ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டு விரலைத் திறந்தால், உருண்டை மெதுவாக வெடித்து உதிர வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் உமி கூட்டுங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் செம்மண் கூட்டுங்கள்.

பழைய பேப்பர் கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தாலும் நல்லது. 15 லிட்டர் பக்கெட் நிறைய நனைந்த களி 27 கிலோ வரும். இந்தக் கலவை 16, 17 கிலோதான் வரும்.

நர்சரியிலிருந்து வரும் செடி எந்த மண் உருண்டையோடு வருகிறது என்பதையும் கவனியுங்கள். சிலது பசை போட்ட களிமண் உருண்டையோடு வரும், சிலது வெறும் நார்த்தூளில். களி உருண்டையை அப்படியே நம் கலவையில் இறக்கினால் சுற்றிலும் ஈரம் இருந்தும் உருண்டை மட்டும் காய்ந்து கிடக்கும், அல்லது அது மட்டும் ஊறிப்போய் நிற்கும். ஒரு வாளித் தண்ணீரில் உருண்டையை ஊறவைத்து, வெளிப்பக்கத்து மண்ணைப் பக்குவமாகக் கரைத்துவிட்டு நடுங்கள். நிறைய வேர் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலை வேளையில் செய்து நாலு நாள் நிழலில் வைப்பது நல்லது.

உத்திர வீதி சகோதரி இப்போது செய்ய வேண்டியது இது. மழை விட்டதும் செடிகளை எடுத்துவிடுங்கள். கறுத்துக் குழைந்த வேரைச் சுத்தமான கத்திரியால் நறுக்கி, வேர் குறைந்த அளவுக்கு மேலே கிளையையும் இலையையும் குறையுங்கள். வண்டல் முழுவதையும் அள்ளிக் காயவிடுங்கள். அதை எறிய வேண்டியதில்லை. ஆறிய பிறகு அடுக்குமாடியின் காம்பவுண்டில் தரையில் நிற்கிற தென்னைக்கும் வாழைக்கும் போட்டால் அவை கும்பிட்டு வாங்கிக்கொள்ளும். நாறுகிற மண்ணைப் புதுக் கலவையில் சேர்க்காதீர்கள். காலித் தொட்டியில் அரை அங்குலத் துவாரங்கள் அரையடிக்கு ஒன்று இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் கொத்தனார் ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டுப் போயிருப்பார். தொட்டியைத் தரையிலிருந்து தூக்கிச் செங்கல் மேல் வையுங்கள். கீழே கை போகிற இடைவெளி வேண்டும். அப்போதுதான் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியும், கீழ் வீட்டு மாமிக்கும் பதில் சொல்ல முடியும். ஈரம் பூத்த இடத்தைத் தளம் போடுகிறவரிடம் காட்டிச் சரிசெய்த பிறகே தொட்டிகள் மாடி ஏறட்டும். புதுச் சிமெண்ட் தொட்டி என்பதால் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிக் கொட்டினால் சுண்ணாம்புக் காரம் குறையும்.

தண்ணீர் விஷயத்தில், ஆற்றுக் குடிநீர் வருகிறவர்கள் பாக்கியசாலிகள். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் மண் மேல் வெள்ளைப் படலம் படியும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை அடித் துவாரம் வழியே ஓடும்படி தாராளமாக ஊற்றி அலசிவிடுங்கள். மழை நீரைப் பிடித்து ஊற்றினால் இட்லிப்பூ பேசாமலே நன்றி சொல்லும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். வேளைக்கு ஒரு செம்பு என்று காபி மாதிரிப் பழக்கப்படுத்தாதீர்கள்.

சித்திரை, வைகாசியில் நம்மூர் மாடி 40 டிகிரியைத் தாண்டுகிறது. தொட்டியின் வெளிப்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, மண்மேல் தேங்காய் நாரோ வாழைச் சருகோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வேர் வெந்தே போகும்.

இந்தக் கலவை வருஷத்துக்கு நாலு விரல் இறங்கும். நார்த்தூளும் உரமும் மட்கித் தீர்வதால் அப்படி. ஆடியில் மேல் மண்ணை இலேசாகக் கிளறி, மண்புழு உரமும் கருக்கிய உமியும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். அங்கேயும் செம்மண்ணைக் கொட்டி இறுக்கிவிட வேண்டாம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை முழுவதையும் கொட்டி மாற்றினால் உத்தமம்.

தொட்டிக்குக் கீழே தண்ணீர் பிடிக்கத் தட்டு வைக்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதைக் கவிழ்த்துத் தேய்த்து வையுங்கள். டெங்கு கொசுவுக்கு ஒரு வாரத்துத் தேங்கின தண்ணீர் போதும். தட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் முட்டையும் தேய்த்தால்தான் போகும், வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போகாது.